பழைய .303-க்குத் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு: கேஸ் ஏன் அறுகிறது?

லீ-என்ஃபீல்டு நம்பர் 4 (.303 தோட்டா சுடும் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள்) வைத்துக்கொண்டு, உரிமம் பெற்றுத் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்களிடம் எப்போதும் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: மூன்றாவது, நான்காவது முறை நிரப்பிச் சுடும்போதே பித்தளைக் கேஸ் (வெடிமருந்தும் குண்டும் அடங்கும் உறை) அடிப்பக்கம் அறுந்து இரண்டாகிவிடுகிறது. உடனே "ஹெட்ஸ்பேஸ் போச்சு, துப்பாக்கி தேய்ஞ்சுபோச்சு" என்று தீர்ப்பும் வந்துவிடும். ஹெட்ஸ்பேஸ் என்பது, சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) கேஸைத் தாங்கும் இடத்துக்கும், அதைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி. நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது வேறு. பெரும்பாலும் கேஸைக் கொல்வது துப்பாக்கி இல்லை, சுட்டு ஊதிய கேஸை மறுபடி அளவுக்கு அழுத்தும் சைசிங் டையை, கேஸைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கி வைக்கும் பழக்கம்.

காரணம் .303-இன் பிறப்பிலேயே இருக்கிறது. இது அடியில் ரிம் (விளிம்பு) வைத்த கேஸ். சேம்பருக்குள் அது நிற்பது ரிம்மின் பலத்தில், தோளின் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) பலத்தில் அல்ல. சேறும் மண்ணும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போகவேண்டும் என்று ராணுவச் சேம்பரைத் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். அதனால் புதுக் கேஸின் தோளுக்கும் சேம்பரின் தோளுக்கும் இடையே நல்ல இடைவெளி. சுட்டதும் கேஸின் முன்பக்கச் சுவர் சேம்பரை இறுகப் பிடித்துக்கொள்ளும், அடிப்பகுதி மட்டும் பின்னால் நகர்ந்து போல்ட்டில் மோதும். இழுபடுவது இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவர், அதாவது ரிம்முக்கு மேலே சுமார் ஒரு சென்டிமீட்டரில். போல்ட்டைப் பூட்டும் லாக்கிங் லக் பின்பக்கம் இருப்பதால் போல்ட்டும் கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும், அதுவும் இதோடு சேரும். தோள் முன்னால் போய்ச் சேம்பரின் வடிவத்துக்கு வந்துவிடும். அதோடு விட்டிருந்தால் தொல்லை இல்லை. கேஸ் முழுவதையும் அழுத்தும் ஃபுல்-லெங்த் டையில் கொடுத்துத் தோளை மறுபடி பின்னால் தள்ளுகிறோம், அடுத்த சுடுதலில் மறுபடி இழுபடுகிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது மாதிரிதான்.

துப்பாக்கியைக் குறை சொல்வதற்கு முன் அளந்து பார்க்கலாம். ஹெட்ஸ்பேஸ் அளக்கும் வழக்கமான கேஜ்களில், போல்ட் மூடவேண்டிய கோ 0.064 அங்குலம், மூடக்கூடாத நோ-கோ 0.067, அதிலும் மூடினால் துப்பாக்கி தேறாது என்னும் ராணுவ ஃபீல்டு கேஜ் 0.074. ஆனால் கேஜ் சொல்வது பாதிக் கதைதான். மீதி ரிம்மின் கனத்தில் இருக்கிறது. போல்ட் முகம் 0.070-இல் நின்று, கேஸின் ரிம் 0.058 ஆக இருந்தால், 0.012 அங்குலம் சும்மா காலியாகக் கிடக்கிறது. ஃபீல்டு கேஜில் ஜோராகத் தேறும் துப்பாக்கி அது! ஆகவே புதுக் கேஸ் வாங்கினால் முதல் வேலை, மைக்ரோமீட்டரில் ரிம்களை அளந்து கனமானவற்றைத் தனியே எடுத்து வைப்பது. நம்பர் 4-இன் போல்ட் ஹெட் திருகிக் கழற்றக்கூடியது, 0 முதல் 3 வரை எண் போட்டு வரும். எண் கூடக்கூட நீளம் கூடும், இடைவெளி குறையும். 3-ஐத் தேடி அலைகிறவர்கள் அதற்கு முன் ரிம்மை அளந்துவிடுவது நல்லது. அளந்தபின் பல பேருக்கு அந்த அலைச்சலே தேவைப்படாது.

முதல் சுடுதலில்தான் கேஸின் ஆயுள் தீர்மானமாகிறது. அதற்கு ஓ-ரிங் போல மலிவான வைத்தியம் வேறு இல்லை. கேஸில் இறுக்கமாக உட்காரும் மெல்லிய ரப்பர் ஓ-ரிங் ஒன்றை ரிம்முக்குச் சற்று முன்னால் மாட்டி, தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் சேம்பரில் வைத்து மூடவேண்டும். போல்ட் மூடும்போது லேசாக எதிர்ப்புத் தெரிந்தால் கனம் சரி. கையை ஊன்றி அழுத்தவேண்டியிருந்தால் அது தடி ரிங், மாற்றுங்கள். ரப்பர் கேஸின் அடியைப் போல்ட் முகத்தோடு ஒட்டவைத்துவிடுவதால் பின்னால் நகர இடமே இல்லை. கேஸ் முன்பக்கம் ஊதித் தோளை நிரப்பிக்கொள்கிறது, அடிச்சுவர் இழுபடுவதில்லை. ரிங் நசுங்கி வெளியே வரும். அடுத்த முறையிலிருந்து அது வேண்டாம்.

அதன்பின் கழுத்தை மட்டும் சைஸ் செய்யும் டை போதும். இந்தக் கேஸ்கள் இனி அந்த ஒரு துப்பாக்கிக்கே சொந்தம், இன்னொரு .303-இல் போகாமல் முரண்டு பிடிக்கும். சில சுற்றுக்குப் பிறகு போல்ட் மூடுவது கடினமானால் மட்டும் ஃபுல்-லெங்த் டையை எடுக்கலாம். அதையும் ஷெல் ஹோல்டரிலிருந்து ஒரு சுற்றுக்குக் குறையாமல் தூக்கி வைத்துத் தொடங்கி, சுற்றில் எட்டில் ஒரு பங்காக இறக்கிக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் கேஸைத் துப்பாக்கியில் போட்டுப் பார்க்கவேண்டும். டையின் மரை அங்குலத்துக்கு 14 என்பதால் எட்டில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய 0.009 அங்குலம். போல்ட் சிரமமில்லாமல் மூடிய கணத்தில் நிறுத்திவிடுங்கள். டைக்காகத் தடவிய லூப்ரிகன்ட்டைத் துடைத்தே ஆகவேண்டும். எண்ணெய் படிந்த கேஸ் சுவரைப் பிடிக்காது, மொத்த அழுத்தமும் போல்ட்டின் தலையில் இறங்கும்.

அறுகப்போகும் கேஸைக் கண்டுபிடிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். அதை நிமிர்த்தி, முனையை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நேர்கோணத்தில் மடக்கிக் கூராக்கவேண்டும். கேஸின் அடிவரை விட்டு, சுவரை உரசியபடி மெல்ல மேலே இழுத்தால், நல்ல கேஸில் வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே பள்ளம் விழுந்திருந்தால் அந்த இடத்தில் 'டக்' என்று மாட்டும். வெளியே பளபளப்பான வளையமும் தெரியலாம், ஆனால் டை உரசிய கோடும் அப்படித்தான் இருக்கும் என்பதால் கம்பியைத்தான் நம்பவேண்டும். சந்தேகம் வந்த கேஸை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள், பள்ளம் கண்ணெதிரே நிற்கும். கேஸ் நீளத்துக்கு உச்சம் 2.222 அங்குலம். தாண்டினால் 2.212-க்கு வெட்டவும்.

மருந்தின் அளவுக்கு அச்சிட்ட மேனுவலைத் தவிர எதையும் கேட்காதீர்கள், அதன் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பியுங்கள். குண்டு விஷயத்தில் மட்டும் பேரலை அளப்பது அவசியம். பள்ள விட்டம் பெயரளவில் 0.311-0.312 அங்குலம் என்றாலும் போர்க்காலப் பேரல்கள் அதற்கு மேலும் போகும். மென்மையான ஈயக் குண்டைப் பேரலில் தட்டி இறக்கி எடுத்தால், உள்ளே ஐந்து சுழல் பள்ளம் உள்ள பேரலில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எதிரே மேடு வரும், சாதா மைக்ரோமீட்டர் ஏமாற்றிவிடும். வி-வடிவ அன்வில் உள்ள மைக்ரோமீட்டர் தேவை. இரண்டு பள்ளப் பேரல் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. தொண்டை (சேம்பரை அடுத்த பகுதி) தேய்ந்த பேரலில் தட்டை அடிக்குண்டே பெரும்பாலும் ஒழுங்காகக் கூடி விழுகிறது.

எல்லாம் பார்த்தும் ஒருநாள் கேஸ் அறுந்தால், வெளியே வருவது அடிப்பகுதி மட்டும். முன்பாதி சேம்பரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த தோட்டா பாதியில் முட்டினால் போல்ட்டைத் தள்ளாமல் நிறுத்தி, தோட்டாவை எடுத்துவிட்டு .303-க்கான பிரோக்கன் கேஸ் எக்ஸ்ட்ராக்டரை (அறுந்த கேஸை இழுத்தெடுக்கும் கருவி) போடுங்கள். அதைப் பையில் வைக்காமல் ரேஞ்சுக்குப் போகவேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடியையும் கழற்றவேண்டாம்.