அடையாறு ஹெம்ப் கடை: விதை வாங்கலாம், சொட்டு மருந்து வேண்டாம்

ஹெம்ப் விதையில், அதாவது கஞ்சா விதையில், இட்லிப் பொடி அரைக்கப் போகிறேன் என்றதும் மாமியார் கேட்ட ஒரே கேள்வி: "போலீஸ் வராதா?" வராது. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று சொல்வது, பூவும் காயும் வைத்த நுனியைத்தான். நுனியோடு சேராத விதையும் இலையும் அந்தக் கணக்கில் வராது. 2021 நவம்பரில், நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் விதை முளைக்கக் கூடாது. போதை தரும் டிஎச்சி, விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமும் எண்ணெயில் 10 மில்லிகிராமும் தாண்டக் கூடாது.

நானும் வீட்டில் பொடி வகைகள் செய்து விற்கிறவள். எனக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு உண்டு. அதனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். இந்த அடையாறு கடையில் கல்லாவுக்குப் பின்னால் உணவு உரிமத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 14 இலக்க எண், 1இல் ஆரம்பித்தால் உரிமம், 2 என்றால் என்னைப் போன்ற சின்ன வியாபாரிகளின் பதிவு. அடுத்து வரும் 24 தமிழ்நாடு. எல்லாம் சரியாக இருந்தது. மாநகராட்சித் தொழில் உரிமமும் பக்கத்திலேயே தொங்கியது, காலாவதி ஆகவில்லை. பில்லிலும் அந்த 14 இலக்க எண் இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம், ஆனாலும் எத்தனை பேர் போடுகிறார்கள்?

தோல் நீக்கிய விதைதான் நான் வாங்கியது. வெளிறிய பச்சை, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, கடித்தால் முந்திரிப் பருப்பு மாதிரி மெத்தென்று இருக்கும். விலை அதிகம்தான். எள் விலையை மறந்துவிட்டு வந்தால்தான் வாங்க மனசு வரும். உளுந்தையும் மிளகாயையும் தனியாக வறுத்து அரைத்து, விதையைக் கடைசியில் போட்டு மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டணும். ஒரே ஓட்டாக ஓட்டினால் எண்ணெய் விட்டு உருண்டை கட்டிவிடும். பொடி பிரமாதம். வீட்டில் யாருக்கும் தலை சுற்றவில்லை. மாமியார் ரெண்டாம் முறை கேட்டு வாங்கினார். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியே இருந்தால் சிக்கு வாடை வந்துவிடும். இந்த விதையின் எண்ணெய் தாளிக்க லாயக்கில்லை, சூடு தாங்காது.

என் புகார் உள் அலமாரியைப் பற்றி. அங்கே 'விஜயா' என்று எழுதிய சொட்டு மருந்துக் குப்பிகள். கஞ்சாவுக்கு ஆயுர்வேதத்தில் அதுதான் பேர். குப்பியில் இருப்பது விதைச் சரக்கு இல்லை, கஞ்சா இலைச்சாறு சேர்ந்த ஆயுர்வேத மருந்து. உணவு உரிமத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிடணும் என்று குப்பியிலேயே அச்சடித்திருக்கிறது. கடைப் பையன் சீட்டு எதுவும் கேட்கவில்லை. "நல்லாத் தூக்கம் வரும்க்கா, எல்லாரும் வாங்கறாங்க" என்று கையில் திணிக்கப் பார்த்தான். மருந்து விற்க என்ன அனுமதி இருக்கிறது என்று கேட்டேன். சுவரிலிருந்த அதே உணவு உரிமத்தைக் காட்டினான். முதலாளி இல்லையாம், ஊருக்குப் போயிருக்கிறாராம்.

விதைக்கு 5க்கு 4 தரலாம், அந்த அலமாரிக்குச் சுழி. பாக்கெட் வாங்கும்போது பேக் செய்த தேதியை மட்டும் பாருங்கள், பழைய சரக்கை முன்னாடி அடுக்குகிறார்கள். வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள், கடை இருக்கும் சந்தில் ஸ்கூட்டர் திருப்பக்கூட இடமில்லை.