சிஐபி எண்ணை மாற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்: என் 1,800 டாலர் போச்சு

எஃப்-1 மாணவர் விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள், முக்கியமாக ஓபிடியில் (படிப்பு முடித்ததும் வேலை பார்க்கத் தரும் தற்காலிக அனுமதி) வேலை பார்ப்பவர்கள், தயவுசெய்து படியுங்கள். ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1,800 டாலர். வாடகைக்கு எடுத்து வைத்திருந்த பணம்.

பிசினஸ் ஸ்கூலில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் மாஸ்டர்ஸ் முடித்தேன். டேட்டாபேஸ், பைத்தான், மெஷின் லேர்னிங் எல்லாம் படித்தாயிற்று. ஆனால் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் மேஜர் பெயரோடு இருக்கிற சிஐபி எண், அதாவது படிப்பின் வகையைக் குறிக்கும் எண், 52.1201. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் அது கிடையாது. கிட்டத்தட்ட இதே பாடங்களை இன்னொரு டிபார்ட்மென்ட்டில் படித்த தோழிக்கு 11.0401. அது பட்டியலில் இருக்கிறது. அதனால் அவளுக்கு 12 மாத ஓபிடிக்கு மேல் இன்னும் 24 மாதம், எச்-1பி வேலை விசா குலுக்கலிலும் கூடுதல் வாய்ப்பு. எனக்கு 12 மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்தத் தவிப்பில் இருக்கும்போது கண்ணில் பட்டதுதான் அந்த ஆன்லைன் மாணவர் ஆலோசனை நிறுவனம். வீடியோ காலில் வந்தவர் தமிழர். நான் வாயைத் திறப்பதற்குள், "52.1201 தானே தம்பி? பிசினஸ் ஸ்கூல் பசங்க பாதிப் பேரு நம்மகிட்டதான் வர்றாங்க" என்றார். அப்புறம் திரையில் இரண்டு ஐ-20. இரண்டிலும் பெயரைக் கறுப்பு அடித்து மறைத்திருந்தது. ஒன்றில் 52.1201, இன்னொன்றில் 11.0401, கீழே டிஎஸ்ஓ (வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) கையெழுத்து. "செவிஸ்ல நம்ம ஆளு இருக்காரு, வகைப்பாட்டுத் திருத்தம்னு ஒரு மனு போட்டா முடிஞ்சது." செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை வைத்திருக்கும் அரசுக் கணினிப் பதிவு. எண்ணைக்கூட மனப்பாடமாகச் சொல்கிறாரே என்று நம்பினேன். அன்று இரவே பேங்க் ஆப்பில் 1,800 டாலர் அனுப்பினேன்.

பணம் போய்ச் சேர்ந்ததும் பேச்சே மாறிவிட்டது. முதலில் "ஃபைல் ப்ராசஸ்ல இருக்கு". பிறகு "செவிஸ்ல அப்டேட் நடக்குது". பிறகு நான் எழுதுவதற்கெல்லாம் கட்டைவிரல் எமோஜி மட்டும். தம்பி என்றவர் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார். கடைசியில் ஒரு மெயில்: உங்கள் கல்லூரி ஒத்துழைக்கவில்லை, சேவைக் கட்டணம் திரும்பத் தரப்பட மாட்டாது.

மெயிலை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் டிஎஸ்ஓவிடம் போனேன். அவர் இன்பாக்ஸைத் தேடிப் பார்த்தார். அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மெயில், ஒரு போன், எதுவும் வரவில்லை! அந்த எண் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை, பல்கலைக்கழகம் அந்தப் படிப்புக்கே கொடுப்பது என்றார். என் ஒருவனுக்காக அதை மாற்ற முடியாது. செவிஸில் ஐ-20 போடுவதும் கல்லூரி அதிகாரிகள்தான், வெளி ஆள் யாரும் நுழைய முடியாது. இதைச் சொல்ல அவர் ஒரு சென்ட் வாங்கவில்லை.

பேங்க்காரர்கள், "நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம்" என்று கை விரித்துவிட்டார்கள். எஃப்டிசியில் (அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு) புகார் பதிந்திருக்கிறேன், ஆனால் தனித்தனி ஆளுக்கெல்லாம் பணம் மீட்டுத் தருவது அவர்கள் வேலை இல்லை. ஆக 1,800 டாலர் போனது போனதுதான். என் பாஸ்போர்ட் நகலும் அந்த ஆளிடம் இருக்கிறது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஒருவேளை திருத்திய ஐ-20 என்று ஒரு போலியைக் கொடுத்து, நானும் அதை வைத்து விண்ணப்பித்திருந்தால்? மோசடி முத்திரை விழுந்து அமெரிக்கக் கதவே அடைபட்டிருக்கும்.

விவரமாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கோர்ஸ் பக்கத்தில் ஸ்டெம் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. சேருவதற்கு முன்பே ஆறு இலக்க எண்ணை மெயிலில் கேட்டு வாங்குங்கள். ஸ்டெம் பட்டியல் ஐசிஇ (அமெரிக்கக் குடியேற்ற அமலாக்க அமைப்பு) தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. இதற்கு முன் அமெரிக்காவிலேயே வாங்கிய ஸ்டெம் பட்டம் இருந்தால், அதுவும் 10 வருடத்துக்குள் வாங்கியதாக இருந்தால், அதை வைத்து நீட்டிப்புக் கேட்க வழி இருக்கிறது, டிஎஸ்ஓவிடம் விசாரியுங்கள். ஊரில் வாங்கிய பி.இ. இதற்கு உதவாது. செவிஸில் ஆள் இருக்கிறது என்று எவனாவது சொன்னால் போனை வையுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், அவன் பிளாக் செய்வதற்குள் எல்லாச் செய்தியையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.