18,500 ரூபாய் போச்சு: நியூஸ் ஸ்கிரிப்ட்டில் ‘எக்ஸ்ட்ரா ஃபீல்டு’ போட்டுத் தருபவர்களிடம் உஷார்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரெடிமேட் பிஎச்பி ஸ்கிரிப்ட் (இணையதளத்தை இயக்கும் தயார் புரோகிராம்) விற்கும் ஒரு ஆன்லைன் சந்தை. அங்கே செய்தித் தளம் நடத்த ஒரு நியூஸ் ஸ்கிரிப்ட், அதை நம் தேவைக்கு மாற்றித் தரும் வேலையும் சேர்த்து 18,500 ரூபாய். செய்தி ஏற்றும் ஃபார்மில் கூடுதலாகக் கேட்டது நாலே ஃபீல்டு (நிரப்பும் கட்டம்): மாவட்டம், செய்தியாளர், படக் குறிப்பு, வெளியிடும் நேரம்.

நம்ப வைத்தது டெமோ. ஸ்கிரீன் ஷேரில் ஃபார்மைத் திறந்தார்கள். நாலு கட்டமும் இருந்தது. ஆங்கிலத்தில் மதுரை என்று அடித்து, மற்றதில் ‘டெஸ்ட்’ என்று போட்டு சேவ் செய்தார்கள். பட்டியலில் அழகாக வந்தது. “எத்தனை ஃபீல்டு வேணும்னாலும் சேர்த்துக்கலாம் சார், டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம்” என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையில்தான் மொத்த வில்லங்கமும். ‘வேலையை ஏற்கிறேன்’ பட்டனை அழுத்தினால்தான் ஃபைல் டவுன்லோட் ஆகும், அழுத்தியதுமே பணம் விற்றவருக்குப் போய்விடும். என்ன ஏற்பாடு பாருங்கள்!

உள்ளே இருந்தது இதுதான். நாலு ஃபீல்டுக்கும் டேட்டாபேஸ் டேபிளில் தனித்தனி காலம் (column, நெடுவரிசை) கிடையாது. நாலையும் ஒரு அர்ரேயாக்கி (ஒரே தொகுப்பாக்கி), சீரியலைஸ் செய்து (ஒரே எழுத்துச் சரமாக மாற்றி), ‘எக்ஸ்ட்ரா’ என்ற ஒரே வார்கேர் 255 காலத்தில், அதாவது 255 குறிகள் மட்டுமே கொள்ளும் காலத்தில், திணித்திருக்கிறார்கள். ‘டெஸ்ட்’ அடங்கும். தமிழில் இரண்டு வரி படக் குறிப்பு அடங்காது, ஏனென்றால் ‘கொ’ என்ற ஒரே எழுத்தே அங்கே இரண்டாகத்தான் கணக்கு. டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் ஸ்டிரிக்ட் மோடு ஓடியிருந்தால் சேவ் ஆகாமல் எரர் காட்டியிருக்கும். கனெக்‌ஷன் ஃபைலிலேயே அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். 255க்கு மேல் சத்தமில்லாமல் வெட்டுப்படும். வால் அறுந்த சரத்தை அன்சீரியலைஸ் செய்தால் (பழையபடி பிரித்தெடுத்தால்) பாதி கூடக் கிடைக்காது, நாலு ஃபீல்டும் காலி. வெளியிடும் நேரமும் காலி என்பதால், மறுநாள் காலை வர வேண்டிய செய்தி உடனே முகப்பில் ஏறிவிட்டது.

மாவட்டப் பக்கம் இன்னொரு கூத்து. தேடல் அந்த மொத்தச் சரத்திலும் ‘லைக்’ போட்டு (சொல் எங்கே இருந்தாலும் பிடிக்கும் தேடல்) நடக்கிறது. படக் குறிப்பில் மதுரை என்ற பெயர் இருந்தால் போதும், கோவைச் செய்தி மதுரைப் பக்கத்தில் வந்து உட்காரும். தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸும் உதவாது.

புகார் கொடுத்ததும் வந்த பதில்கள்: “ஹோஸ்டிங் பிரச்சினை சார்.” ஹோஸ்டிங்காரர் சரிபார்த்துவிட்டார். “கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) க்ளியர் பண்ணுங்க.” பண்ணியாச்சு. “படக் குறிப்பைச் சின்னதா எழுதுங்களேன்.” இதற்கா 18,500? கடைசியில் ‘சரி செய்கிறோம்’ என்று உள்ளே வந்தவர், டேட்டாபேஸில் நேரடியாக ‘திருச்சி’யை ‘திருச்சிராப்பள்ளி’ என்று ரீப்ளேஸ் அடித்தார். சீரியலைஸ் செய்த சரம் ஒவ்வொரு சொல்லின் நீளத்தையும் பைட்டில் (கணினிச் சேமிப்பின் அளவு) கூடவே எழுதி வைக்கும். திருச்சிக்கு 24 பைட், திருச்சிராப்பள்ளிக்கு 51. எண் 24 ஆகவே நின்றதால் நன்றாக இருந்த திருச்சிச் செய்திகளும் படுத்தன. பிறகு புகார் டிக்கெட்டை மூடிவிட்டார்கள். சந்தைக்காரர்களோ, “கஸ்டமைசேஷனுக்கு ரீஃபண்ட் இல்லை” என்று ஒரே வரியில் முடித்தார்கள். 18,500 ரூபாய்! வெட்டுப்பட்ட வரிகள் பேக்கப்பிலும் வெட்டுப்பட்டே இருக்கின்றன.

விரிவாக ஒரு வழிகாட்டியே எழுதலாம் என்று நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இதையாவது பாருங்கள்:

பணம் விடுவிப்பதற்கு முன் டேபிள் அமைப்பைக் கேளுங்கள். தேடவோ வரிசைப்படுத்தவோ வேண்டிய ஃபீல்டு எதுவானாலும் தனிக் காலம் வேண்டும். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் 38 வரிசை கொண்ட தனி டேபிள், செய்தியில் அதன் எண் மட்டும், அதற்கு இன்டெக்ஸ். நேரத்துக்கு டேட்டைம் என்ற தேதி-நேர வகை.

கேரக்டர் செட் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்8எம்பி4 தானா? வெறும் யூடிஎஃப்8 என்றால் தமிழ் நிற்கும், எமோஜி நிற்காது.

டெமோவில் நீங்களே தமிழில் நீளமாக அடியுங்கள், ஒரு மேற்கோள் குறியும் போடுங்கள். சேவ் செய்து, மறுபடி எடிட்டில் திறந்து பாருங்கள்.

“டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம்” என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டிரிக்ட் மோடை அணைக்கச் சொன்னாலும் அதேதான்.