செவ்வாய்ப் பயணத்துக்கு எந்தக் கவசம்: அலுமினியமா, தண்ணீரா, காந்தமா?

கியூரியாசிட்டி ஊர்தி 2011-12இல் செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவெர்ட் (உடலில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). போகவர ஓராண்டு என்று வைத்தால் ஏறக்குறைய 660. ஒரு வீரருக்கு, பணிக்காலம் முழுவதற்கும் நாசா வைத்திருக்கும் வரம்போ 600தான். செவ்வாயில் தங்கும் நாட்களை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆபத்து இரண்டு வகை. ஒன்று, சூரியன் திடீரென வீசும் புரோட்டான் புயல். இன்னொன்று, சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஓயாமல் வரும் காஸ்மிக் கதிர்கள். எந்தக் கவசம் நல்லது என்பது எதைத் தடுக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது.

கலத்தின் உடலே பெரும்பாலும் அலுமினியம்தான். அதையே தடிமனாக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் காஸ்மிக் கதிர்களில் வரும் கனமான அணுக்கருக்கள் அதில் மோதிச் சிதறும்போது நியூட்ரான்களும் வேறு துகள்களும் உள்ளே பாய்கின்றன. தடிமனைக் கூட்டும் அளவுக்குப் பாதுகாப்பு கூடுவதில்லை.

ஹைட்ரஜன் அதிகமுள்ள பொருட்களில் இந்தத் தொல்லை குறைவு. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கின் எடையில் 14 சதவீதம் ஹைட்ரஜன்; தண்ணீரில் 11. சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தூங்கும் அறைகளில் பாலிஎத்திலீன் இருக்கிறது. இருந்தாலும் என் ஓட்டு, வீரர்கள் ஒதுங்கும் அறையின் சுவருக்குள் நிரப்பும் தண்ணீருக்குத்தான். பாலிஎத்திலீனைக் கவசத்துக்கென்றே சுமக்க வேண்டும். தண்ணீரோ குடிக்க எப்படியும் கூட வந்தாக வேண்டும். குடித்துக் குறையுமே என்றால், சுத்திகரித்த நீரையும் கழிவு நீரையும் திரும்பச் சுவருக்கே அனுப்பலாம்.

சூரியப் புயலுக்கு இது போதும். 1972 ஆகஸ்டில், அப்போலோ 16க்கும் 17க்கும் நடுவில், பெரும் புயல் ஒன்று அடித்தது. அப்போது விண்வெளியில் யாரும் இல்லாதது பெரும் அதிர்ஷ்டம். நாசாவின் இன்றைய நிலாப் பயணக் கலமான ஓரியனில், புயல் வந்தால் வீரர்கள் சாமான் பைகளைச் சுற்றி அடுக்கி நடுவில் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். 2022இல் அதன் ஆளில்லாச் சோதனைப் பயணமான ஆர்டிமிஸ் 1 பூமியின் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடந்தபோது, அதே கலத்துக்குள் இடத்துக்கு இடம் கதிர்வீச்சில் நான்கு மடங்கு வரை வித்தியாசம் தெரிந்தது. எவ்வளவு எடை என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் உயிர் காக்கும்.

காந்தக் கவசம் கவர்ச்சியான யோசனை. பூமியும் அதைத்தானே செய்கிறது! மீக்கடத்திக் காந்தங்களை (கடுங்குளிரில் மின்தடையே இல்லாத கம்பிகளால் ஆனவை) வைத்து ஐரோப்பியத் திட்டம் ஒன்று ஆராய்ந்தும் பார்த்தது. ஆனால் காந்தத்தின் எடை, குளிரூட்டல், மின்சாரம் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். புயல் நடுவே மின்சாரம் போனால் கவசமும் போய்விடும். இப்போதைக்கு இதை நம்பி ஆட்களை ஏற்ற முடியாது.

சரி, காஸ்மிக் கதிர்களுக்கு என்ன வழி? நம் தலைக்கு மேலுள்ள காற்றுமண்டலத்துக்கு ஈடாகச் சுமார் 10 மீட்டர் தண்ணீர் வேண்டும். சதுர மீட்டருக்கு 10 டன். எந்த ராக்கெட்டும் இதைத் தூக்காது. ஆகவே பணத்தை வேகமான இயந்திரத்தில் போடுவதே மேல். பயண நாட்கள் குறைந்தால் கதிர்வீச்சும் குறையும். புறப்படும் காலமும் முக்கியம். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அதன் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைக் கணிசமாகத் தள்ளிவிடுகிறது. அப்போது புயல்கள் அதிகம்தான். ஆனால் புயலைத் தண்ணீர் அறை தாங்கும், காஸ்மிக் கதிரைத் தாங்காது. அதனால் உச்ச ஆண்டிலேயே கிளம்பலாம் என்பேன், புயலின் முதல் துகள்கள் வருவதற்குள் எல்லோரும் போய்ச் சேரும்படி அந்த அறை நடுக்கலத்தில் இருந்தால்.