பாக்கிப் பணத்தைக் கொடுக்கும் முன் கேம்பரை எடை மேடையில் ஏற்றுங்கள்

படுக்கை, சமையல் வசதியோடு காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேம்பர் டிரெய்லர் செய்து தருகிறோம் என்று விளம்பரம் போடுகிறவர்கள் இப்போது எங்கள் வடாற்காடு பக்கமும் வந்துவிட்டார்கள். ராணிப்பேட்டை பாய்லர் ஆலையை நம்பி வளர்ந்த பட்டறைகள் இங்கே நிறைய. இரும்பு வேலையில் கெட்டிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் பணத்தை வாங்கிக்கொண்டு உயிருக்கு உலை வைக்கும் சாமானைக் கொண்டுவந்து நிறுத்தியது ஒரே ஒரு பட்டறை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரும் ஊரும் எழுதவில்லை. தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். இந்த வருஷக் கடைசியில் இப்படி ஒரு பயணம் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு உதவும்.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்தவர். வேலூரிலிருந்து ஸ்ரீநகர் வரை ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் காரில் போய், வழியெல்லாம் கேம்பரில் தங்கி, ஏப்ரலில் துலிப் தோட்டம் பார்ப்பது திட்டம். கிருஷ்ணகிரி போய் 44-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெங்களூரு நெரிசலுக்குள் டிரெய்லரோடு மாட்டிக்கொள்வோம். அதனால் ராணிப்பேட்டையிலிருந்து 40-ஆம் எண் சாலையில் சித்தூர், ராயச்சோட்டி, கடப்பா, நந்தியால் வழியாகக் கர்நூல் சேர்ந்து, அங்கே 44-இல் ஏறுவது என்று வைத்திருந்தோம். நாக்பூரை மார்ச் முடியுமுன் தாண்டிவிட வேண்டும். வேலூர் வெயிலில் ஐம்பது அறுபது கோடை பார்த்தவளே சொல்கிறேன், விதர்பா வெயிலுக்கு முன்னால் நம்ம வெயில் சின்னப் பிள்ளை.

பேசிய விலை ஆறரை லட்சம். எழுதிக் கொடுத்த தாளில் இருந்தவை: சமையல் மேடை உட்பட மொத்த எடை 750 கிலோ, ஓவர்ரன் பிரேக் (டிரெய்லரின் சொந்தப் பிரேக்), புது டயர், புது அச்சு, 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஆர்.டி.ஓ. பதிவு செய்து கையில் ஆர்.சி. நாலரை லட்சம் வங்கி வழியாகப் போனது. பாக்கி இரண்டு லட்சம், வண்டி வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அந்த ஒரு வரிதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது. பட்டறைக்காரருக்கு என்னோடு பேசுவதே பிடிக்கவில்லை. "மேடம், நீங்க கர்ட்டன் கலர் மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் சார் கிட்ட பேசிக்கிறேன்" என்பார். சாருக்கு அந்த இழவெல்லாம் தெரியாது, காரை ஓட்டுவதே நான்தான் என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டு அவர் பக்கமே திரும்பிக்கொள்வார்.

பொங்கலுக்கு என்றது மாசி போய்ப் பங்குனியும் ஆனது. அதைக்கூட விட்டுவிடுகிறேன், தவணை சொல்லாத பட்டறை ஏது.

வண்டியைக் கொண்டுவந்த அன்று பட்டறை ஆளே தங்கள் ஜீப்பில் கட்டி இழுத்து வந்தார். சித்தூர் பக்கம் லாரி ஓட்டும் என் தம்பி அவரோடு முன்சீட்டில் வந்தான். நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ் ஒன்று வேகமாக முந்திப் போனதும், அந்தக் காற்று அடித்ததில் டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்ததாம். ஓட்டியவர் பயந்து பிரேக்கை மிதித்திருக்கிறார், ஆட்டம் இன்னும் பெரிசானது. தம்பி கத்தியிருக்கிறான்: "பிரேக்கை விடுய்யா! ஸ்டியரிங்கை நேரா புடி, ஆக்சிலேட்டரை மட்டும் விடு!" வேகம் தானாக இறங்கியதும் நின்றது. அந்த நேரத்தில் பக்கத்து லேனில் யாரும் இல்லாதது அவர்கள் நல்ல நேரம். இழுவை வண்டி ஆடும்போது பிரேக் போடக் கூடாது, ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பவும் கூடாது. இதைத் தெரியாதவரிடம்தான் டெலிவரியைக் கொடுத்திருந்தார்கள்.

தம்பி அங்கேயே முடிவு பண்ணி, வழியில் இருந்த லாரி எடை மேடைக்கு வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டான். டிரெய்லரை மட்டும் கழற்றி மேடையில் நிறுத்தியதில் 1,180 கிலோ. தண்ணீர் இல்லை, சிலிண்டர் இல்லை, ஒரு தட்டு கரண்டிகூட உள்ளே இல்லை. எழுதிக் கொடுத்ததைவிட 430 கிலோ கூடுதல். கேம்பர் என்றால் பைபர், அலுமினியம் என்று படம் காட்டியவர், உள்ளே மாட்டியிருந்ததெல்லாம் கதவு ஜன்னலுக்குப் போடும் இரும்புச் சதுரக் குழாய்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கொக்கிப் பக்கம் நின்று ஒரு கையால் தூக்கினான். தூக்க முடிந்தது! "அக்கா, இது பின்பாரம்" என்றான். மாட்டு வண்டியில் பாரத்தைப் பின்னால் ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்புமே, அதே கதை. டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கி மேல் அழுத்தி உட்கார வேண்டும். அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். அது குறைந்தால் வால் ஆடும். வீட்டில் ஆள் நிறுக்கும் மெஷின் இருந்தது. கொக்கிக்குக் கீழே உள்ள முட்டுக்காலை அதன்மேல் வைத்தோம். 38 கிலோ. நூற்றுக்கு மூணுக்குச் சற்றுதான் மேல்.

காரணம் கண்ணெதிரேயே இருந்தது. தண்ணீர்த் தொட்டி, சமையல் மேடை, பேட்டரி எல்லாம் அச்சுக்குப் பின்னால். பின் சட்டத்துக்கு அடியில் செங்கல் அடுக்கி வைத்துவிட்டு, தோட்டத்துக் குழாயைப் போட்டுத் தொட்டியை நிரப்பினோம். முள் 30, 20 என்று இறங்கி, தொட்டி முக்கால்வாசி ஆகும்போது முட்டுக்கால் மெஷினை விட்டே எழும்பிவிட்டது. வால் செங்கல் மேல் உட்கார்ந்தது. அதாவது தண்ணீர் நிரப்பிக்கொண்டு சாலையில் போனால் இந்த டிரெய்லர் காரின் பின்பக்கத்தையே மேலே தூக்கும். பின் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு குறையும். இதைக் கட்டிக்கொண்டு ராயச்சோட்டி தாண்டி இறக்கத்தில் இறங்கியிருந்தால்? வீட்டுக்காரர் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

பிரேக் விஷயம் அதைவிட மோசம். ஓவர்ரன் பிரேக் என்றால், கார் வேகம் குறைக்கும்போது பின்னாலிருந்து டிரெய்லர் முட்டும் அந்தத் தள்ளலிலேயே கம்பி இழுபட்டு அதன் சொந்தப் பிரேக் பிடிக்கும். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் உச்ச வரம்பு. எங்கள் தாளில் 750 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் டிரெய்லரில் கொக்கி இருக்கிறது, கை லிவர் இருக்கிறது, சக்கரத்தில் டிரம்மும் இருக்கிறது. லிவரை முழுக்க இழுத்து வைத்து, ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஜாலியாகச் சுற்றுகிறது. மெக்கானிக் டிரம்மைக் கழற்றினார். உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவே இல்லை. கம்பி சட்டத்துக்குள் ஓரடி போய் அங்கேயே முடிகிறது. வெளியே தெரியும் இடத்தில் எல்லாம் வைத்து, தெரியாத இடத்தில் எதுவுமே வைக்கவில்லை. இதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

அச்சு, ஏதோ பழைய வேனிலிருந்து கழற்றிப் பெயின்ட் அடித்தது. டயர் பளபளவென்று இருந்தது, கறுப்புப் பாலிஷ். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்தில் நாலு இலக்கம் இருக்கும்; முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஒன்றில் 2315 என்று இருந்தது, அதாவது 2015-ஆம் வருஷத்து 23-ஆம் வாரம். இன்னொன்றில் அந்த இலக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். காஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டி படுக்கைக்கு அடியில். மூடி, சுற்றிலும் ரப்பர் எல்லாம் போட்டு அழகாக இறுக்கியிருந்தார்கள், அடியில் மட்டும் ஓட்டை இல்லை. சமையல் காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். பெட்டியின் தரையில் வெளியே திறக்கும் துளை இருந்தே ஆக வேண்டும். தீக்காய வார்டில் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

கதவைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஓரமாக நிறுத்தினால் இறங்க வேண்டியது இடப்பக்கம். எங்கள் கேம்பரின் கதவு வலப்பக்கம்! திறந்து காலை வைத்தால் லாரி போகும் தடத்தில் வைப்போம். அமெரிக்கக் கேம்பர் படத்தை அப்படியே பார்த்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் கதவும் வலப்பக்கம். பட்டறையின் விளம்பரத்தில் ஏலகிரி வளைவுகளில் தங்கள் வண்டி ஏறுவதாகப் போட்ட படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் கதவு இடப்பக்கம், சன்னல் வேறு, சக்கரம் வேறு. யாரோ செய்த வண்டி.

இனி காகிதம். "டிரெய்லருக்கு எஞ்சினே இல்லியேம்மா, அதுக்கு எதுக்கு ஆர்.சி.? கார் நம்பரையே பின்னால எழுதிக்கோங்க, ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்று பட்டறைக்காரர் கடைசியில் சொன்னார். ஆர்.சி.க்கும் சேர்த்துப் பணம் வாங்கியவர் சொன்னது இது. 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(28)-ஐப் பாருங்கள், மோட்டார் வாகனம் என்பதற்குள் டிரெய்லரும் அடக்கம். பிரிவு 39-இன்படி பதிவில்லாமல் சாலையில் இறக்கக் கூடாது. பதிவுக்கு நாம் கொடுப்பது படிவம் 20. விற்றவர் கொடுக்க வேண்டியது படிவம் 21, அது விற்பனைச் சான்று. தயாரித்தவர் கொடுக்க வேண்டியது படிவம் 22, அது சாலைத் தகுதிச் சான்று. இரண்டையும் கேட்டபோது எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது டிராக்டர் டிரெய்லர் ஒன்றின் சான்று, வேறு யாரோ நிறுவனத்தின் பெயரில்.

பதிவில்லாத வண்டியை இழுத்துப் போய் விபத்தானால் இன்சூரன்ஸ் என்ன ஆகும்? பதிவில்லாமல் சாலையில் ஓட்டுவது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, இழப்பீட்டை மறுத்தது சரி என்று தீர்ப்பளித்திருக்கிறது. அது பிக்-அப் வண்டி வழக்குதான். ஆனால் டிரெய்லரும் சட்டப்படி மோட்டார் வாகனம்தானே.

பில்லையும் பாருங்கள். கேம்பர் வகை டிரெய்லருக்கு ஜி.எஸ்.டி. குறியீடு 8716-இல் தொடங்கும். எங்கள் பில்லில் 7308, 'இரும்புக் கட்டுமான வேலை'. ஷெட்டுக்கும் தூணுக்கும் போடும் குறியீடு. நாளைக்குக் கேள்வி வந்தால், நான் வண்டியே விற்கவில்லை, இரும்பு வேலைதான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? முதல் அட்வான்ஸ் ரசீதிலேயே இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வண்டி என்று எழுதத் தயங்குகிறவர் ஆர்.சி. வாங்கித் தரப்போவதில்லை.

பாக்கியைத் தர முடியாது, நாலரை லட்சத்தையும் திருப்பிக் கொடுங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதினோம். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம், அதற்கும் பட்டறை மசியவில்லை. பிறகு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எடை மேடைச் சீட்டு, டிரம்மைத் திறந்தபோது எடுத்த வீடியோ, மெக்கானிக் கையெழுத்துப் போட்ட அறிக்கை, டயர் இலக்கத்தின் படம் எல்லாம் இணைத்தோம். இதில் அதிகம் பேசுவது எடை மேடைச் சீட்டுதான். தேதி, நேரம், கிலோ எல்லாம் அச்சடித்து வந்துவிடுகிறது, யாரும் மறுக்க முடியாது. சில நூறு ரூபாய்கூட ஆகாது.

டிரெய்லர் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, சாட்சிப் பொருளாக. கழுவக்கூட இல்லை. காஷ்மீருக்கு வரும் வருஷம் காரில் மட்டும் போகிறோம், ராத்திரிக்கு லாட்ஜ்.

போன வாரம் பட்டறைக்காரர் போன் செய்தார், வழக்கம்போல வீட்டுக்காரருக்கு. "சார், கேஸெல்லாம் வேணாம் சார். டோரை லெஃப்டுக்கு மாத்தித் தந்துடறேன், பாக்கி ரெண்டு லட்சத்தோட ஒரு பத்தாயிரம் மட்டும் சேத்துக் குடுங்க." ஸ்பீக்கரில் போட்டு நான் பதிவு செய்துவிட்டேன். அடுத்த வாய்தாவில் அதையும் மனுவோடு சேர்க்கிறோம்.