சுங்கை சிப்புட்டில் சுற்றும் "என்ஃபீல்ட் ரெஃபரன்ஸ் கேஜ்" பெட்டி: வாங்கிவிடாதீர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய சாமான் விற்கும் ஒருவர், "என்ஃபீல்ட் துப்பாக்கித் தொழிற்சாலையின் ரெஃபரன்ஸ் கேஜ், 1917" (இங்கிலாந்துத் தொழிற்சாலையில் துப்பாக்கிப் பாகங்களின் அளவைச் சோதித்த கருவி) என்று சொல்லி ஒரு மரப்பெட்டியை 1,850 வெள்ளிக்கு எங்கள் சேகரிப்பாளர் குழுவின் தலையில் கட்டிவிட்டார். உள்ளே ஆறு உருப்படிகள். ஐந்து போலி. ஆறாவது அசல், ஆனால் அதை வீட்டில் வைத்திருந்தால் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். இதே மாதிரிப் பெட்டி இன்னொன்றை அவர் இப்போது விற்கப் பார்க்கிறார். அதனால்தான் விவரமாக எழுதுகிறோம்.

அவர் சொல்லும் கதை நம்பும்படியாகவே இருக்கும். 1948 ஜூனில் இந்த வட்டாரத் தோட்டங்களில் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது, தோட்டக் காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் லீ என்ஃபீல்ட் துப்பாக்கியோடு நின்றார்கள். அந்தக் காலத்துப் பெட்டி எஸ்டேட் ஸ்டோரில் கிடந்ததாம். வரலாறு உண்மை, பெட்டிதான் பொய். தோட்டத்துக்கு வந்தது துப்பாக்கி. தொழிற்சாலை ரெஃபரன்ஸ் கேஜுக்குத் தோட்டத்தில் என்ன வேலை?

கேஜ்களில் தரம் உண்டு. மெஷினில் நிற்பவர் கையில் இருப்பது ஒர்க்கிங் கேஜ். ஆய்வாளர் கையில் இருப்பது இன்ஸ்பெக்ஷன் கேஜ். இந்த இரண்டும் தேய்ந்துவிட்டதா என்று சரிபார்க்க மட்டுமே கேஜ் அறையில் பூட்டி வைத்திருப்பது ரெஃபரன்ஸ். வெளியே ராணுவப் பட்டறைகளில் ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் இருந்தது வேறு வகை; அதுவும் சேகரிக்கத் தகுந்ததுதான், ஆனால் அதை ரெஃபரன்ஸ் விலைக்கு விற்பது ஏமாற்று. அடிக்கடி கைபடாத பொருள் என்பதால் உண்மையான ரெஃபரன்ஸின் அளவு முகம் தேயாமல் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் முகம் முழுக்கக் கீறல், கைப்பிடி மட்டும் புத்தம் புதிது. தலைகீழ்.

முதலில் முத்திரையைப் படியுங்கள். ஒரு கேஜில் "நம்பர் 4" என்றும் "1917" என்றும் சேர்த்து அடித்திருந்தது. பிரிட்டிஷ் துப்பாக்கிகளுக்கு இப்படி நம்பர் வைக்கும் முறையே 1926ல்தான் வந்தது. 1917ல் பிரிட்டிஷ் படையினர் தூக்கியது லீ என்ஃபீல்டின் மார்க் 3 ரகம், அதற்குத்தான் பிறகு "நம்பர் 1" என்று பெயர் மாறியது. இந்த ஒரு வரியைப் பணம் கொடுப்பதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். போனில் வந்த படத்தில் பிரிட்டிஷ் அரசு முத்திரையான கிரீடமும் அகன்ற அம்புக்குறியும் மட்டும் பெரிதாகத் தெரிந்தன, தேதி நிழலில் இருந்தது. இனி யார் படம் அனுப்பினாலும், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி, எல்லா எழுத்தும் தெரியும்படி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படம் கேளுங்கள்.

அடுத்து எழுத்தின் ஓரம். பழைய முறையில் எழுத்தை அடித்த பிறகுதான் இரும்பைக் கடினப்படுத்துவார்கள், அதற்குப் பிறகு முகத்தைத் தேய்த்துச் சமன் செய்வார்கள். ஆகவே எழுத்தின் ஓரத்தில் மேடு இருக்காது. இந்தப் பெட்டியில் இருந்தவற்றின் மேல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு எழுத்திலும் இடறியது. இரண்டில் எழுத்தின் அடிப்பகுதி ஒரே ஆழத்தில், ஓரம் கருகி இருந்தது: லேசர். நம் ஊர் ஈரத்தில் பல வருடம் ஏறிய துரு கறுத்த பழுப்பாகக் குழி விழுந்திருக்கும். இதில் இருந்த ஆரஞ்சுத் துரு துணியால் துடைத்ததும் போய்விட்டது.

பிறகு அளவு. லீ என்ஃபீல்ட் சுடும் .303 தோட்டா விளிம்புள்ள தோட்டா. குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டுக்கும் அந்த விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ்; விளிம்பின் கனத்தை வைத்தே அதன் கணக்கு. ராணுவ கேஜ் இரண்டு: 0.064 அங்குலம் வைத்தால் போல்ட் மூட வேண்டும், 0.074 வைத்தால் மூடக் கூடாது. பெட்டியில் இருந்த "0.064" கேஜை 0.0001 அங்குலம் படிக்கும் மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்தபோது 0.0638, 0.0645, 0.0651 என்று வந்தது. முகம் சாய்ந்திருக்கிறது. ஒர்க்கிங் கேஜாகக்கூடத் தேறாது. அளப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கேஜையும் மைக்ரோமீட்டரையும் ஓர் இரவு ஒரே இரும்புப் பலகை மேல் வைத்துவிட்டு, காலையில் துணியால் பிடித்து அளக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.003 மில்லிமீட்டர் நீளும். மைக்ரோமீட்டரை உள்ளங்கையில் பிடித்திருந்தாலே கடைசி இலக்கம் மாறிவிடலாம்.

பெட்டியில் இருந்த ப்ளக் கேஜின் (துளைக்குள் நுழைத்து அளவு பார்க்கும் கேஜ்) கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தோம். மரைக்கு, மரை இடைவெளி பார்க்கும் பிட்ச் கேஜ் வைத்தால் 1 மில்லிமீட்டர், 60 டிகிரி. அதாவது இன்று எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும் எம்6. பழைய பிரிட்டிஷ் மரையான விட்வொர்த் கால் அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 20 மரை, 55 டிகிரி இருக்கும். பெட்டியின் மூடியில் இருந்ததோ ஸ்டார் (பிலிப்ஸ்) திருகு. 1917ல் அந்தத் திருகே கிடையாது, 1930களில்தான் வந்தது.

அரம் வைத்துப் பார்ப்பவர்கள் அளவு முகத்தில் வைக்காதீர்கள். அசலாக இருந்தால் கெடுத்த பாவம் நம்முடையது. கைப்பிடிப் பக்கமும் உதவாது, அசலிலும் அது மென்மையாக இருக்கலாம். முகத்தை ஒட்டிய, அளவுக்குச் சம்பந்தமில்லாத ஓரத்தில் புதிய மெல்லிய அரத்தை லேசாக இழுங்கள். கடினமான எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே முதல் இழுப்பிலேயே பளபளவென்று தூள் உதிர்ந்தது. கம்பி பிரஷ், அமிலம் எதுவும் வேண்டாம். பழைய எண்ணெய்க் கறைதான் பொருளின் சான்று.

இனி அந்த ஆறாவது. எண்ணெய்த் தாளில் சுற்றி, "மாதிரிப் பாகம்" என்று சீட்டு ஒட்டியிருந்தது. பிரித்தால், நம்பர் 4 துப்பாக்கியின் போல்ட் ஹெட் (போல்ட்டின் முன்முனை), மேலே "2" என்று அடித்தது. ஹெட்ஸ்பேஸ் சரிசெய்ய 0 முதல் 3 வரை நீளம் கூடிக்கொண்டே போகும் பாகம் அது. கேஜ் வெறும் அளவுக் கருவி. போல்ட் ஹெட் துப்பாக்கியின் பாகம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டு துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. "பழசு", "துருப்பிடித்தது", "அலங்காரத்துக்கு" என்று சொல்லி அதை வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி ஒப்படைத்து, ரிப்போர்ட் நகலை வாங்கிக்கொண்டோம். உங்கள் கையில் இப்படி ஏதாவது இருந்தால் காருக்குள் வைத்துச் சுற்ற வேண்டாம், தபாலில் திருப்பி அனுப்பவும் வேண்டாம். முதலில் போலீசுக்குச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

விற்றவர் முதலில் "மாற்றித் தருகிறேன்" என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. முழுத் தொகையையும் பொருளைப் பார்க்கும் முன்பே பேங்கில் போட்டது பெரிய தவறு. பகலில், மைக்ரோமீட்டரும் பிட்ச் கேஜும் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து ஒவ்வொரு உருப்படியையும் பார்த்த பிறகே பணம் என்று சொல்லுங்கள். தாளில் சுற்றியதைப் பிரிக்க விடவில்லை என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

இப்போது சுற்றும் இரண்டாவது பெட்டியின் அடையாளம்: கரும்பச்சைப் பெயின்ட், உள்ளே பச்சைத் துணி, துணியைத் தூக்கினால் ஸ்டேப்ளர் அடித்த ப்ளைவுட் அடி. மூடியில் பித்தளைத் தகடு, அதில் "நம்பர் 4 / 1917". கேட்கும் விலை 2,200 வெள்ளி.