ஈறுக்குள் வைக்கும் மருந்துச் சிப்: காசுக்குத் தகுமா?

"சுத்தம் பண்றதெல்லாம் வேண்டாங்க, அந்தச் சிப்பை மட்டும் வெச்சு உடுங்க" என்று ஈரோடு, கோபிப் பக்கம் கேட்பவர்கள் உண்டு. அப்படி வைப்பது வீண் செலவு. காரை (கெட்டியான அழுக்குப் படிவு) ஒட்டியிருக்கும் பல் வேரில் எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது.

ஈறு நோயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் பள்ளத்துக்குள் வைக்கும் அந்தச் சிப்பின் பெயர் பெரியோசிப்: 5 மி.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், 0.35 மி.மீ. தடிமன். சுண்டுவிரல் நகத்தில் கால்வாசிதான். உள்ளே 2.5 மி.கி. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி. மவுத்வாஷிலும் இதே மருந்துதான் இருக்கிறது, ஆனால் கொப்பளித்தால் ஈறுப் பள்ளத்தின் அடிக்கு அது போவதில்லை. போனாலும் நிற்காது. 5 மி.மீ. ஆழப் பள்ளத்தில் ஈறிலிருந்து ஊறும் நீர் மணிக்குச் சுமார் 40 தடவை மாறிவிடும். ஊற்றுக் கிணற்றில் மஞ்சள் கரைத்த கதைதான். சிப்பில் குறுக்கே பிணைத்த ஜெலட்டின் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது: முதல் 24 மணி நேரத்தில் சுமார் 40 சதவீதம் வெளிவரும், மிச்சம் 7 முதல் 10 நாளில். சிப்பும் தானே கரைந்துவிடும். இதே வேலைக்கு முன்பு வைத்த டெட்ராசைக்ளின் (ஆன்டிபயாடிக்) நூல் கரையாத பாலிமர். 10 நாள் கழித்து எடுக்க மறுபடி போக வேண்டியிருந்தது. சிப் வைத்தால், தாளவாடியிலிருந்து மலையிறங்கி வருபவருக்கு அந்த ஒரு நடை மிச்சம்.

ஸ்கேலிங் (காரை சுரண்டுவது), ரூட் பிளானிங் (வேரை வழவழப்பாக்குவது) முடிந்து 4 முதல் 6 வாரத்தில் மறுபடி அளந்து பார்த்து, அப்போதும் ஆழம் 5 மி.மீ.க்குக் குறையாமல், ரத்தமும் கசியும் ஓரிரு பள்ளங்களுக்கு வைப்பதே சரி என்பேன். வாய் முழுக்க வைக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

வைக்கும்போதுதான் சிப் கெடுகிறது. எச்சில் பட்டால் நனைந்த அப்பளம்போல் துவண்டுவிடும், பிறகு உள்ளே தள்ள முடியாது. முக்கியமாகக் கீழ்க் கடைவாயில் நாக்குப் பக்கம். பஞ்சு வைத்து, காற்றடித்து உலர்த்தி, தட்டை முனையை ட்வீசரில் பிடித்து, வளைந்த முனை வேர்ப்பக்கம் போக ஒரே மூச்சில் அடிவரை தள்ள வேண்டும். இரண்டு தடவை தடுமாறினால் புதுச் சிப்தான்.

10 நாளைக்கு அந்த இடுக்கில் ஃபிளாஸ் வேண்டாம். இரண்டு நாளுக்குள் விழுந்தால் புதிது வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து விழுந்தால் மருந்து வேலை முடிந்த கணக்கு. லேசான அழுத்தமும் வலியும் இருக்கலாம். சீழ் கட்டிய பள்ளத்தில் வைக்கவே கூடாது.

பலன்? சுத்தம் மட்டும் செய்வதைவிடச் சராசரியாக 0.3 மி.மீ. அளவுக்குக் கூடுதலாகப் பள்ளம் குறையும். சின்ன எண்தான். பிடிவாதமான ஒரு பள்ளத்துக்கு அது போதும். ஆடும் பல்லை நிறுத்தாது. புகையிலை அடக்கும் வாயில் அதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

25 டிகிரிக்குள் வைக்க வேண்டிய சரக்கு இது. சித்திரை வெயிலில் பஸ் பார்சலில் வந்ததை வாங்கும் கிளினிக்குகள் யோசிக்கவும். ஜெலட்டின் விலங்குப் பொருள். இதற்கு மாற்றாகக் கிடைக்கும் கொலாஜன் சிப் மீனிலிருந்து எடுப்பது. சுத்த சைவம் என்றாலோ, மீனோ குளோர்ஹெக்சிடினோ ஒத்துக்கொள்ளாது என்றாலோ நாற்காலியில் சாய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.